அக்கா வைத்த காது

வேப்பமரத்து நிழல் காரின் பின்பாதியில் மட்டும் விழுந்திருந்தது. முன்பாதி வெயிலில் கிடந்தது. அந்தப் பாதியில்தான் பேச்சிராஜ் உட்கார்ந்திருந்தான். நிழலில் அவன் அக்கா மகன் ஷூவைக் கழற்றாமல் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். காதில் வெள்ளையாக இரண்டு இயர்போன் சொருகியிருந்தது. ஏசிக் காற்று முழுவதும் பின்னால் போகிறமாதிரி அவனே கையை நீட்டித் திருப்பி வைத்துக்கொண்டான். முன்னால் ஒருவன் இருக்கிறான் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

வீட்டில் வைத்த பெயர் கோமதிசங்கர். டல்லாஸ் பக்கத்தில் அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஷேன். பதினாறு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேச வராது என்று அக்கா பிரேமலதா சொல்லியிருந்தாள். வந்த இரண்டு வாரத்தில் அவன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழவில்லை.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. கோயிலுக்குள்ளே ஜனம் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. பிரேமலதாவும் சுற்றினாள். மகனுக்காக நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருந்தாள். சேலையை ஏற்றிச் செருகி, மடியில் புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே உள்ளே போய்விட்டாள். சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வரவேண்டும். போவதற்கு முன் தம்பியைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனாள்.

"ஏலே, நீ பாட்டுக்கு முன்னால உக்காந்திரு. ஒண்ணும் வெளங்காதவன் மாதிரி இரு. கூட்டாளிப் பயலுவகிட்ட என்ன பேசுதான்னு கேட்டு எங்கிட்டச் சொல்லு."

"ஏன், நீ கேளேன். பதினெட்டு வருசமா அங்கனதான இருக்க."

"ஆபீஸ்ல பேசுத இங்கிலீசு வேற, இது வேறல. இவன் பேசுதது எனக்கு ஒரு எழவும் பிடிபடல. உனக்குத்தான் தெரியும். அந்தக் குப்பைக்குள்ளதான கெடந்த."

குப்பை என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி சுளித்தது. நாற்றம் இன்னும் அவன் மேல் இருப்பது போல.

பேச்சிராஜ் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். அப்புறம் சென்னையில் இரவு வேலை. அமெரிக்கப் பிள்ளைகள் ஒரு செயலிக்குள் ஒருத்தரை ஒருத்தர் ஏசுவதையும் கொஞ்சுவதையும் மிரட்டுவதையும் வாசிக்க வேண்டும். வாசித்து மூன்று பொத்தானில் ஒன்றை அமுக்க வேண்டும். விடு, அழி, மேலே அனுப்பு. யோசிக்க நேரம் கிடையாது. யோசிப்பவனுக்கு மதிப்பெண் குறையும். அந்தப் பிள்ளைகளின் பேச்சு மாசத்துக்கு மாசம் மாறும். போன மாசம் சிரிப்பாக இருந்தது இந்த மாசம் வசையாக இருக்கும். அவன் ஓடி ஓடிப் படித்தான். பெற்ற தாய்க்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் கிளம்பிச் சட்டை மாட்டினான், கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். அதோடு வேலை போயிற்று. இப்போது பூ மார்க்கெட்டில் அப்பா செல்லச்சாமியின் கமிஷன் கடையில் மல்லியும் பிச்சியும் நிறுக்கிறான். சென்னை வேலையைப் பற்றி ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் அக்கா சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. "வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பீ அள்ளுதான்."

இப்போது அந்த அள்ளின கைதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "பாளையங்கோட்டையில ஒரு ஸ்கூல்ல பேசி வச்சிருக்கேன். லீவுக்கு லீவு அப்பா வீட்டுக்கு வந்துட்டுப் போவான். சேக்கலாமா வேண்டாமான்னு நீ சொல்லுததுலதான் இருக்கு."

லீவுக்கு லீவு என்றால் மாடி அறை. பேச்சிராஜுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருப்பது அந்த அறைதான். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற ஒரே அறை. இரண்டு வாரமாக அதில் பையன் கிடக்கிறான். இவன் கீழே பட்டாசாலைக் கூடத்தில் அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறான். பையன் முதல் நாளே அவனுடைய தலையணையை இரண்டு விரலால் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தான். அதற்கும் பேச்சிராஜ் "ம்" என்றுதான் சொன்னான். பையனுடைய எல்லா இங்கிலீஷுக்கும் இந்த இரண்டு வாரமாக அவன் வைத்திருந்த பதில் அந்த ஒற்றை எழுத்து.

கணக்கு எளிது. பயல் கெட்டவன் என்றால் இங்கே போட்டுவிட்டுப் போவாள். நல்லவன் என்றால் கூட்டிக்கொண்டு போவாள்.

பின்னால் போனில் கூட்டாளிகளோடு பேச்சு சத்தமாகவே நடந்தது. அம்மா கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவதைச் சொன்னான். அம்மா "குக்ட்" என்றான். வெந்து முடிந்த கேஸ் என்று அர்த்தம். தாத்தா பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போவதைச் சொன்னான், அந்தப் பக்கம் எவனோ சிரித்திருக்க வேண்டும், இவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. தணிந்தால் சரக்கு வரப்போகிறது என்று பேச்சிராஜின் காதுக்குப் பழக்கம் உண்டு. பள்ளிக்கூட லாக்கரில் இருந்த "கார்ட்" பற்றிப் பேசினான். உறிஞ்சுகிற பேனாவில் மாட்டும் கஞ்சா எண்ணெய்க் குப்பி. அவனேதான் "ப்ளக்". வாங்கி விற்பவன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு விற்று, அது கழிப்பறையில் மயங்கி விழுந்து, மாட்டிக்கொண்டது வேறொருவன். தன் பெயர் வெளியே வரவில்லை. அதைச் சொல்லும்போது குரலில் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விரல் தானாகவே ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டியது. அழி.

அந்தப் பக்கத்தில் இருந்தவன் கூட யார் என்று கேட்டிருக்க வேண்டும். பையன் முன்சீட்டைப் பார்த்துச் சொன்னான். மாமா, ஆனால் ஆள் ஒரு "என்பிசி". விளையாட்டில் ஓரமாக நின்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் பொம்மை. இந்தப் பொம்மைக்கு வசனம்கூடக் கிடையாது, ஒரு சத்தம்தான். பிறந்ததிலிருந்து லோடிங்கிலேயே நிற்கிறது, இந்த ஊரில் நெட் கிடைக்கவில்லை.

பேச்சிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷம் எதற்கும் சிரிக்காமல் பொத்தான் அமுக்கியவன். பயல் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது.

பின்னால் பேச்சு நின்றது. காதில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கண்ணாடியில் பையனின் கண் தெரிந்தது. வெளியே ஒரு மாட்டுவண்டி போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா," என்றான் பையன். அவன் வாயிலிருந்து வந்த முதல் தமிழ். "அம்மாட்ட... சொல்ல வேணாம். ப்ளீஸ்."

"யூ ஆர் குக்ட், ஷேன்," என்றான் பேச்சிராஜ். பிறகு அவர்கள் சத்தியம் பண்ணுகிற மாதிரியே சேர்த்தான். "நோ கேப்."

பையனின் முகம் கோணியது. தன் ஜட்டியை மாமா மாட்டிக்கொண்டு நடுவீதியில் நிற்பதைக் கண்டவன் போல. அந்தக் கோணலைப் பார்க்க பேச்சிராஜுக்கு இரண்டு வாரத்தில் முதல்முறையாக நன்றாக இருந்தது. இந்தப் பயலை இங்கே போட்டுவிட்டுப் போனால் தினமும் இதைப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே மாடி அறையும் நினைப்பு வந்தது.

பிரேமலதா கோயில் வாசலில் தெரிந்தாள். நேர்ந்ததில் பாதியை முடித்துத் தண்ணீர் குடிக்க வந்திருந்தாள். பாதம் பொத்துப்போய் விளிம்பால் நடந்தாள். நெற்றியில் பூசிய கோயில் புற்றுமண் வேர்வையில் வழிந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. சர்பத் கடை நிழலில் நின்று தம்பியைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

பேச்சிராஜ் இறங்கினான். பையன் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினான்.

"என்னல சொல்லுதான்?" என்றாள். சர்பத்தை வாயில் வைக்கவில்லை. "மறைக்காமச் சொல்லு. வேப்புப் பேனா, கஞ்சா அது இதுன்னு ஏதும் உண்டா?"

அவன் வாயையே பார்த்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பது அவனுடைய வேலையில் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா. விளையாட்டப் பத்திப் பேசுதான். என்னயக் கேலி பண்ணுதான். தாத்தாவக் கேலி பண்ணுதான். சின்னப் பய."

"சத்தியமா?"

"எல்லாப் பயலுவளும் இப்பிடித்தான் பேசுவானுவ. நான் பாக்காததா. கூட்டிட்டுப் போ. நல்லாத்தான் இருக்கான்."

அவள் டம்ளரை ஒரே மடக்கில் குடித்தாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைக்க, புற்றுமண் கன்னமெல்லாம் இழுகியது.

"ஆத்தா காப்பாத்திட்டா," என்றாள். "அப்ப தைரியமா இங்க விட்டுட்டுப் போவேன்."

"எங்க?"

"பாளையங்கோட்டையிலதான். கெட்டுப் போனவன்னா எப்பிடில அப்பா தலையில கெட்டுவேன்? எங்கூடயே வச்சு அடிச்சுத் திருத்த வேண்டியதுதான். நல்லவனா இருக்கும்போதே அங்கேருந்து பிரிச்சிரணும்னு நானும் உங்க அத்தானும் முன்னாலயே முடிவு பண்ணிட்டோம். ஒரே பயந்தான் இருந்துச்சு. அதுவும் போச்சு." அவள் அவன் தோளைத் தொட்டாள். நினைவு தெரிந்து அவள் அப்படித் தொட்டதில்லை. "அந்த வேலைக்கும் ஒரு பலன் இருந்திருக்கு பாரு. மாடி ரூம்ல ஒரு ஏசி போட்டுரலாம். நீ கூட இருந்து பாத்துக்கோ, மக்கா."

பேச்சிராஜ் வாயைத் திறந்தான். உண்மை நாக்கில் அப்படியே இருந்தது. சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

கார்க் கதவு திறந்தது. பையன் குனிந்து ஷூவைக் கழற்றினான். சாக்ஸை உருவி அதற்குள் திணித்தான். அம்மா மாமாவின் தோளில் கை வைத்ததை அவன் தூரத்திலிருந்து பார்த்திருந்தான். வெறுங்காலைத் தாரில் வைத்ததும் சூடு பொறுக்காமல் துள்ளினான். யாரோ குடம் கொண்டு ஊற்றிவைத்திருந்த ஈரத்தைத் தேடித் தேடி, ஒரு காலிலும் மறு காலிலும் குதித்துக்கொண்டு, சிரித்தபடி வந்தான். ஷூவைப் பேச்சிராஜின் கையில் கொடுத்தான். காதருகே குனிந்து, "டபிள்யூ, அங்க்," என்றான்.

ஜெயித்துவிட்டாய் மாமா. அவர்கள் பாஷையில் அதற்கு மேல் மரியாதை இல்லை.

"எங்கூட சுத்த வாரியால?" என்றாள் பிரேமலதா, நம்பமுடியாமல். பையன் தலையாட்டினான். அவள் மடியை அவிழ்த்துப் பாதிக் கொட்டைகளை அவன் உள்ளங்கையில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட வேண்டும், எண்ணிக்கை தவறக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வாசல் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் பையனுடைய நெற்றியில் மண்ணைக் குழைத்து அப்பினார். அவன் விலகவில்லை. கூட்டம் இரண்டு பேரையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

பேச்சிராஜ் நின்றான். ஷூவுக்குள்ளிருந்து பையனுடைய கால்சூடு அவன் விரல்களில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த கதவு வழியாக ஏசிக் குளிர் மொத்தமும் வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.