போகாமல் விட்ட அரையாண்டு

1

இந்தக் கதை பக்கத்து மேசையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நானே யோசித்து எழுதியதாக நீங்கள் பாராட்டிவிட்டால் சங்கடம்.

பள்ளிப் பாடநூல்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் நான் மெய்ப்புத் திருத்துகிறேன். பக்கத்து மேசைக்காரி வரைபடம் வரைபவள். (மலையின் உயரத்தைப் பற்றி அவளுடன் வாதாடி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.) அன்று ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்காக நார்டிக் நாடுகளை வரைந்துகொண்டிருந்தாள். நாய் கடித்துக் குதறிய துணியின் ஓரம் மாதிரி ஒரு கடற்கரை. பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"இந்த ஊர்ல நான் ஒரு செமஸ்டர் படிச்சிருக்கணும் சார்."

"ஏன் போகல?"

"நான்தான் கெடுத்துக்கிட்டேன். ஆனா அப்பா இன்னிக்கு வரைக்கும் அவராலதான் கெட்டுதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

சொல்லிவிட்டு மறுபடி வரையத் தொடங்கினாள். எனக்குத்தான் அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். இந்தக் கதையில் யாரும் பனியைக் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை.

இரண்டாவது: "அவளுடைய அப்பா ஒரு"

அங்கேயே நின்றுவிட்டது. "எழுதுங்க, ஆனா அப்பாவோட வேலையை மட்டும் மாத்திடுங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதைத் தட்டிக் கொட்டி எழுப்ப வருபவருடன் எனக்குக் கொஞ்சம் பேச்சு உண்டு. ஆகவே அவளுடைய அப்பாவை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கிவிட்டேன். மன்னிக்கவும், ஐயா.

மூன்றாவது தொடக்கம்தான் நிலைத்தது. அதுதான் அடுத்த பகுதி.

3

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரே மகள். கல்லூரியில் புவியியல் மூன்றாம் ஆண்டு. அந்தக் கல்லூரிக்கும் வடக்கே அந்த நார்டிக் நாடுகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. இங்கிருந்து சில பேர் அங்கே போய் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அப்பா சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றார்.

"பாப்பா, நீ போற."

மறுநாளே அந்த ஊரின் வரைபடம் கூடத்துச் சுவரில் ஏறியது. விடுதியிலிருந்து வகுப்புக்கு எந்தத் தெரு வழியாகப் போவது, ஆற்றுப் பாலத்தில் காற்று அடிக்குமா, மளிகைக் கடை பக்கத்தில் இருக்கிறதா என்று வேலை முடிந்து வந்ததும் சுவர் முன்னால் நின்றுவிடுவார். விரலில் கிரீஸ் ஒட்டியிருக்கும். அதனால் தெருக்களெல்லாம் மெல்ல மெல்லக் கறுத்தன.

ஒரு ஜோடிக் கையுறை வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறைக்குள் கையை விட்டு நின்றார்.

"என்ன பண்றீங்க?" பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் அம்மா அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

"தாங்குதான்னு பாக்கறேன்."

"நல்லா பாருங்க. பால் கெட்டுப் போகுது, கதவைச் சாத்துங்க."

குளிர்காலத்தில் அங்கே மதியமே இருட்டிவிடும் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சி தொடங்கியது. சாப்பாடு முடிந்ததும் திரைகளை இழுத்து மூடி, ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு அப்பாவும் மகளும் டீ குடிப்பார்கள். "மனசு என்னமோ பண்ணுதா?" என்று கேட்பார். "இல்லப்பா." "பண்ணினா சொல்லு. பழகிடலாம்." அந்த அரையிருட்டில் தான் சின்னப் பையனாக இருந்த காலத்தையெல்லாம் சொல்லுவார். அவள் அதுவரை கேட்டிராத கதைகள்.

அவர் பழுதுபார்க்கும் கட்டடங்களில் காவலாளியிலிருந்து மேல்மாடி வக்கீல் வரைக்கும் விஷயம் தெரிந்துபோனது. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூடக் கதவு திறக்கும் வரை பேச்சுத் துணையாக இதைச் சொன்னாராம். [இது என் சேர்க்கை. நடந்திருக்கும் என்றே நம்புகிறேன்.]

விண்ணப்பம் தேறியது. பேராசிரியர்கள் கணினித் திரையில் வந்து பேசும் நேர்காணல் மட்டும் பாக்கி.

4

இங்கே கதாநாயகி மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. சரி. ஏன்? காரணம் இல்லாமல் கதையில் ஒருத்தி எப்படி நடமாடுவாள்? எனவே ஒரு காதலனைச் செய்தேன். பக்கத்துத் தெரு, மெல்லிய மீசை, இரண்டு பக்கம். அவளிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துவிட்டாள்.

"இப்படி ஒருத்தன் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப ஏன்தான்மா பிடிக்கல?"

"பிடிக்கல, அவ்வளவுதான் சார். ஒரு வீட்டை, ஒரு தெருவை விட்டுப் போகப் பிடிக்காம இருக்கறதுக்குக் காரணமெல்லாம் வேணுமா?"

மீசைக்காரனைக் கிழித்துப் போட்டேன். ஆனால் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் காரணமோ என்று ஒருநாள் கேட்டேன். போய்விட்டால் திட்டம் போடுவது முடிந்துவிடுமே. அவள் பேனாவை மூடினாள்.

"இருக்கலாம். சின்ன வயசுல அப்பாவைப் பாக்கவே முடியாது. லீவு நாள்லகூட எங்கயாவது யாராவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டிருப்பாங்க. அந்த நாலஞ்சு மாசந்தான் அவர் எங்கிட்ட உக்காந்து பேசினது." (இதில் லிஃப்ட் நான் மாட்டியது. மற்றதெல்லாம் அவள் சொன்னபடி.)

"அப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? அவர் முகத்தைப் பாத்தா வாய் வராது சார்."

5

நேர்காணலுக்கு முந்தின மாலை அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய டை.

"வாங்கம்மா. எங்க யுனிவர்சிட்டிக்கு ஏன் வர ஆசைப்படறீங்க?"

அவள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். பனியாறுகள், கடற்கரை, ஆராய்ச்சி.

"பிரமாதம். கடைசியில, 'நீ ஏதாவது கேக்கணுமா'ன்னு கேப்பாங்க. அப்ப ஒண்ணு கேளு. 'வெளியூர்ப் பிள்ளைங்க யாராவது அந்த இருட்டு தாங்காம உடைஞ்சு போனாங்களா, அப்ப நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்க'ன்னு."

"அதையெல்லாமா கேப்பாங்க?"

"எனக்காகக் கேளு பாப்பா."

மறுநாள் கல்லூரியின் சின்ன அறையில், திரையில் ஒரு பேராசிரியையும் ஓர் இளைஞரும் தெரிந்தார்கள். முதல் கேள்வி அதேதான். ஏன் வர ஆசைப்படுகிறாய்? பனியாறுகள் நாக்கு நுனி வரை வந்தன. அவள் சொன்னது வேறு.

"எனக்கு வர விருப்பமில்லை. மன்னிச்சிடுங்க."

பேராசிரியை கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. 'நீ ஏதாவது கேக்கணுமா' என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவின் கேள்வியைக் கேட்க இடமே வரவில்லை.

'தேர்வாகவில்லை' என்ற செய்தி வந்தது. அப்பா கூடத்து வரைபடத்தைக் கழற்றி, சுருட்டி, பரண்மேல் போட்டார். பிறகு அவளுடைய அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் கேக்கச் சொன்னேனே, அந்தக் கேள்வி. அதுதான் கெடுத்துடுச்சு, இல்ல? என்னடா, வர்றதுக்கு முன்னாடியே பயப்படறாளேன்னு நினைச்சிருப்பாங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை. போதும். அவள் தலை குனிந்துகொண்டு சொன்னாள்: "இருக்கலாம்ப்பா."

அன்றோடு அவர் யோசனை சொல்வதை விட்டார். எந்த வேலைக்குப் போவது, யாரைக் கட்டிக்கொள்வது, எங்கே வீடு பார்ப்பது, எதைக் கேட்டாலும், "நீயே முடிவு பண்ணும்மா, நான் ஏதாவது சொல்லிக் கெடுத்துடப் போறேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கல்யாணப் புடவையின் நிறத்தைக் கேட்டபோதும் அதே பதில். 'பாப்பா' போய் 'அம்மா' வந்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

6

இனி முடிவு.

ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். அவர், "அடிப்பாவி! இத்தனை வருஷமா!" என்று தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டு: அவள் சொல்லிவிடுகிறாள். அவர் யோசித்துவிட்டுக் கேட்கிறார்: "அப்ப அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்காக உக்காந்திருந்தியா?" அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்று எந்த வாயால் சொல்லி நம்பவைப்பது? இந்த முடிவை நம்புகிறேன். அதனாலேயே எழுதப் பயமாக இருக்கிறது.

மூன்று: அவள் சொல்லவே இல்லை. ஒரு காலையில் தொலைபேசி அடிக்கிறது, எடுத்தால்

"இதை எழுதாதீங்க சார்" என்று அந்தத் தாளை அவளே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

7

இதுவரை எழுதியதில் லிஃப்ட் மெக்கானிக் கதையை மட்டும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். அவள் சொல்ல வேண்டியதை என் கதை சொல்லக் கூடாது. அதோடு, வேலையையும், அவர் கேட்கச் சொன்ன கேள்வியையும்கூட, எவ்வளவு மாற்றியிருந்தாலும் ஒரு தகப்பனுக்குத் தன் மகளின் குரல் தெரியாமல் போகுமா?

அப்பா வந்திருந்தார். "ஆபீஸ்ல ஒருத்தர் எழுதினது" என்று கொடுத்தாளாம். "நான் படிச்சு என்ன சொல்லப் போறேன்" என்றவர், கண்ணாடியைத் தேடி எடுத்து உட்கார்ந்துவிட்டார். அவள் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தாள்களோடு வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம்.

"பாவம் அந்த ஆளு," என்றார். பிறகு, "அந்த அப்பாவுக்கு இது தெரியுமா?"

"நீ என்ன சொன்ன?" என்று நான் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லையா, அவரிடமும் சொல்லவில்லையா, அதுகூட எனக்குத் தெரியாது. சொல்வதானால் 'தெரியும்', 'தெரியாது' என்று இரண்டே பதில்கள்தான் இருக்கின்றன. நான் இரண்டையும் எழுதிப் பார்த்து, இரண்டையும் அடித்துவிட்டேன்.

குழாயில் தண்ணீர் ஓடுகிறது. உங்கள் கை ஈரமாக இருக்கிறது. அவர் நின்றுகொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.