சம்ஹாவின் பாலுக்கு எத்தனை மார்க்கு

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்குத் தலைநகரிலிருந்து டாக்டர் அஃப்ரா வருகிறார் என்று தெரிந்ததும் அணுமின் நிலையத்தின் சுற்றுச்சூழல் லேபில் எல்லோரும் அவரவர் மேசையைத் துடைத்தார்கள். கானிம் மட்டும் துடைக்கவில்லை. திரையில் தெரிந்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நூற்று எழுபத்தொன்று.

நிலையத்தைச் சுற்றியுள்ள காற்று, கடல்நீர், மீன், மணல், பேரீச்சை, ஒட்டகப் பால் என்று எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, அணு உலையிலிருந்து ஏதாவது வந்து கலந்திருக்கிறதா என்று அளப்பதுதான் அவன் வேலை. ஆறு வருடங்களாக எதுவும் கலக்கவில்லை. சீசியம் இல்லை, அயோடின் இல்லை, ஸ்ட்ரான்சியம் இல்லை, டிரிட்டியம் இல்லை. பாலில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம் மட்டும் கருவியில் தெரியும். உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்த ஒட்டகத்தின் பாலானாலும் அது ஐம்பதை ஒட்டித்தான் நிற்கும்.

பக்கீத் பின் முஸப்பஹின் பண்ணையிலிருந்து வந்த பாலில் அது நிற்கவில்லை. ஐம்பத்தொன்றாக இருந்தது, மூன்றே மாதத்தில் எண்பத்தாறு, நூற்றுப் பதினெட்டு, நூற்று எழுபத்தொன்று என்று ஏறிவிட்டது. கருவியை மூன்று முறை சரிபார்த்தாகிவிட்டது. கருவிமேல் குற்றமில்லை.

வேறு யாருடைய பண்ணையாக இருந்தாலும் கானிமுக்கு இவ்வளவு வியர்த்திருக்காது. ஆனால் பக்கீத்தின் மகள் ஷம்மாவைத்தான் அவன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். ஐந்து மாதத்துக்கு முன்பு அவன் அம்மா போய்ப் பெண் கேட்டபோது, "பாக்கலாம்" என்ற ஒரே வார்த்தையோடு பக்கீத் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "என் ஒட்டகத்தோட மதிப்பே தெரியாதவனுக்கு என் பொண்ணோட மதிப்பு எங்க தெரியப்போவுது?" என்று பிறகு யாரிடமோ சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று கானிம் எவ்வளவோ யோசித்தும் விளங்கவில்லை. அப்புறம் என்ன காரணமோ, மனிதர் மெல்ல மெல்ல இளகினார். ஒரு மாதம் ஒரு கூடை பேரீச்சை வந்தது. அடுத்த மாதம் தோளில் கை போட்டு வாசல் வரை வந்து வழியனுப்பினார். போன வாரம், "வியாழக்கிழமை உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா. பேசி முடிச்சிடலாம்" என்றே சொல்லிவிட்டார்.

வியாழனுக்கு இன்னும் இரண்டே நாள்.

டாக்டர் அஃப்ரா கறுப்பு அபாயாவுக்குக் கீழே ஓடுவதற்கான ஷூ போட்டுக்கொண்டு வந்தார். காற்று உறிஞ்சும் கருவிகள், வேலியோரத்துக் கதிர்வீச்சு அளவிகள், கடல்நீர்க் குடுவைகள் எல்லாவற்றையும் பத்து மணிக்குள் பார்த்து முடித்து, எதிலும் குறையில்லை என்று தலையாட்டினார். பிறகு பால் பதிவேட்டைத் திறந்தார்.

"இது என்ன, கானிம்?"

"பொட்டாசியம், டாக்டர்."

"பொட்டாசியம்னு எனக்கும் படிக்கத் தெரியும். ஏன் ஏறுது?"

"தெரியல, டாக்டர்."

"அந்த ஒட்டகம் வாழைத்தோட்டத்துல மேயுதா?"

"இங்க ஏது வாழைத்தோட்டம்?"

"அதுக்குத்தான் கேக்கறேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காரணம் தெரியலன்னா, நம்ப முடியாத மாதிரின்னு எழுதிட்டு அந்தப் பண்ணையைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவேன். பக்கத்துல வேற பண்ணை இருக்கா?"

இருந்தது. பக்கீத்தின் ஜென்ம எதிரி கல்ஃபானின் பண்ணை. அந்தப் பாலும் பட்டியலில் இருந்தது. பக்கீத்தை நீக்கிவிட்டுக் கல்ஃபானை மட்டும் வைத்துக்கொண்டால் வியாழக்கிழமை என்ன, எந்தக் கிழமையும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

"ஒரு தடவை நேர்ல பாத்துடலாமே, டாக்டர்" என்றான் கானிம். குரல் கெஞ்சியது.

"பாக்கலாம். என் கண்ணு முன்னாடி கறக்கட்டும்."

பக்கீத் பண்ணை வாசலிலேயே நின்றிருந்தார். தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அவருடைய ஒட்டகம் சம்ஹாவின் பாலைப் பார்க்க வந்திருக்கிறார் என்று கானிம் சொன்னதும் அவர் முகம் பெருநாள் போல மலர்ந்தது.

"நடுவரே வந்துட்டாங்களா! வாங்க தாயி, வாங்க. முதல்ல காபி."

நடுவரா? கானிமுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் அஃப்ரா காபி குடித்தார். பேரீச்சை தின்றார். அவருடைய குடும்பம், தலைநகர், வெயில், மழை எல்லாவற்றின் நலத்தையும் பக்கீத் விசாரித்தார். மூன்றாவது கோப்பையை ஆட்டி, போதும் என்று காட்டிவிட்டு டாக்டர் எழுந்தார்.

சம்ஹா பட்டியில் சிவப்புக் குஞ்சம் கட்டி நின்றது. பக்கீத் ஒற்றைக் காலில் நின்று, மடித்த முழங்காலில் கிண்ணத்தை வைத்துக் கறந்தார். அறுபத்தெட்டு வயதில் ஒரு துளி சிந்தவில்லை. கிண்ணம் நிறைந்ததும் டாக்டர் அஃப்ரா பாட்டிலை நீட்டினார்.

"இருங்க தாயி. உள்ள கொண்டுபோய் நுரை அடங்கினதும் ஊத்தித் தரேன்."

"நுரையோடயே குடுங்க."

"வெட்டவெளியில கண்ணு பட்டுடும்."

"நான் கண்ணாடி போட்டிருக்கேன். படாது."

பக்கீத் கானிமைப் பார்த்தார். கானிம் வானத்தைப் பார்த்தான். பெரியவர் சற்றே திரும்பி நின்று, "பிஸ்மில்லா" என்று உரக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துக் கிண்ணத்துக்கு மேலே விரித்தார். வெள்ளையாக ஏதோ கொட்டியது.

"அது என்னது?"

"எது?"

"இப்ப கொட்டினது."

"காத்து, தாயி. மணல் பறக்குது."

ஒரு இலைகூட அசையவில்லை. அசைந்தது சம்ஹா மட்டும்தான். உப்பு வாசனை பிடித்துவிட்டால் எந்த ஒட்டகம் சும்மா இருக்கும்? நீளக் கழுத்தை வளைத்து, எஜமானரின் பைக்குள் மூக்கை நுழைத்து, உதட்டால் ஒரு பொட்டலத்தை வெளியே இழுத்து, காகிதத்தோடு சேர்த்து மென்றது.

அந்த நேரம் பார்த்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்வதற்காக பக்கீத்தின் மனைவி உம்மு சைஃப் வந்தாள். ஒட்டகத்தின் வாயைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! என் பிரஷர் உப்பு!"

"எந்த உப்பு?" என்றார் டாக்டர் அஃப்ரா.

"எனக்கு ரத்த அழுத்தம்மா. சாதா உப்பு ஆகாதுன்னு டாக்டர் எழுதிக்குடுத்தது. மூணு மாசமா வாங்கி வைக்க வைக்கக் காணாம போவுது. நான் வேலைக்காரிய சந்தேகப்பட்டேன், எலிய சந்தேகப்பட்டேன். கட்டின புருஷனைச் சந்தேகப்படத் தோணலயே!"

டாக்டர் அஃப்ரா சம்ஹாவோடு கொஞ்ச நேரம் போராடி மிச்சப் பொட்டலத்தைக் கைப்பற்றி, எச்சிலைத் துடைத்துவிட்டு வாசித்தார். பொட்டாசியம் குளோரைடு. கானிமிடம் நீட்டினார். ஏறிக்கொண்டே போன எண்ணுக்குக் காரணம் அவன் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.

"ஏன், அபூ சைஃப்?" என்று, மகன் பெயரோடு சேர்த்து மரியாதையாக பக்கீத்திடம் கேட்டான் கானிம்.

பக்கீத் வெடித்தார். "ஏனா? ஏன்னு நீ கேக்கறியா? மாசாமாசம் பாலைச் சோதிச்சு ஒரு தாள் குடுக்கறியே, அதுல என் சம்ஹாவுக்கு நாலு எடத்துல 'இல்லை, இல்லை, இல்லை, இல்லை'ன்னு போட்டிருக்க! ஒரே எடத்துலதான் மார்க்கு. அதுவும் அம்பத்தொண்ணு. அந்தக் கல்ஃபான், ஊர்ப் பெரியவங்க கூடற மஜ்லிஸ்ல எல்லாரும் உக்காந்திருக்கும்போது அவன் தாளை எடுத்து ராகம் போட்டு வாசிக்கிறான். அவன் ஒட்டகத்துக்கு அம்பத்திநாலு! பிஞ்ச செருப்பு மாதிரி உதடு இருக்கற ஒட்டகம் அது! அழகுப் போட்டியில மூணு தடவை கழுத்துக்கும் காதுக்கும் பரிசு வாங்கினவ என் சம்ஹா. அவளுக்கு மூணு மார்க்கு கம்மியா?"

"அது மார்க்கு இல்ல..."

"அந்த வரியில பொட்டாசியம்னு எழுதியிருந்துச்சு. இவ உப்புலயும் பொட்டாசியம்னு எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

கானிம் தலைக்குட்டையைப் பிடித்துக்கொண்டான். ஒட்டகத்தின் மதிப்புத் தெரியாதவன் என்று அவர் அன்று சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. ஒரு கூடை பேரீச்சை எண்பத்தாறுக்கு. தோளில் போட்ட கை நூற்றுப் பதினெட்டுக்கு. வியாழக்கிழமை நூற்று எழுபத்தொன்றுக்கு.

"அபூ சைஃப், பொட்டாசியம் எல்லாப் பால்லயும் இருக்கு. உங்ககிட்ட இருக்கு, என்கிட்ட இருக்கு, கல்ஃபான்கிட்டயும் இருக்கு. நாங்க தேடறது மத்த நாலையும்தான். அது இருந்தாத்தான் ஆபத்து. 'இல்லை'ன்னு வந்தாத்தான் நல்ல பால்."

பக்கீத் விரல்விட்டு நான்கு எண்ணினார்.

"அப்போ நாலு 'இல்லை'யும்..."

"அதைவிடப் பெரிய பரிசு கிடையாது."

டாக்டர் அஃப்ரா பேனாவை எடுத்தார். "ரொம்ப சந்தோஷம். ஆனா மூணு மாசமா மாதிரியில கலப்படம் நடந்திருக்கு. எப்படி நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு நான் எழுதியாகணும்."

பெரியவரின் முகம் வெளிறியது. அறிக்கையில் பெயர் வந்தால் ஒரே வாரத்தில் அது கல்ஃபான் காதுக்குப் போகும். அதையும் அவன் ராகம் போட்டு வாசிப்பான். இந்த வீட்டில் அப்புறம் கல்யாணப் பேச்சை யார் எடுக்க முடியும்? தன் தப்பைச் சொன்னாலும் வியாழக்கிழமை போய்விடும் என்று கானிமுக்குத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னான்.

"என்னால நடந்துச்சு, டாக்டர். கறக்கும்போது பக்கத்துல நின்னு, என் கையாலதான் பாட்டில்ல ஊத்தணும். அதுதான் விதி. மத்த பண்ணையில எல்லாம் அப்படித்தான் செய்யறேன். இங்க மட்டும் மூணு மாசமா பாட்டிலை அவர் கையில குடுத்துட்டேன்."

"நீங்க எங்க நின்னீங்க?"

"அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"வீட்டைப் பாத்து நின்னேன்."

உம்மு சைஃப் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கீத்தின் புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

"என் ஒட்டகத்தை விட்டுட்டு என் வீட்டையா பாத்த? என்னடா பாத்த?"

"கதவை, அபூ சைஃப்."

"கதவுல என்ன?"

"ஒண்ணும் இல்ல. மூணு மாசமும் மூடித்தான் இருந்துச்சு."

கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் அஃப்ரா தலையைக் குனிந்து, அவசரமில்லாத எதையோ அவசரமாக எழுதினார்.

"மாதிரி எடுப்பவர் கறவையின்போது உடனிருக்கவில்லை" என்று எழுதியதை வாசித்தார். "பாலில் பொட்டாசியம் உப்பு சேர்ந்துவிட்டது. பொறுப்பு, மாதிரி எடுத்தவருடையது. பண்ணையாளர் பேரு இதுக்குத் தேவையில்ல. பண்ணை பட்டியல்லயே இருக்கட்டும். உங்க பேர்ல ஒரு குறை பதிவாகும், கானிம்."

"சரி, டாக்டர்."

"இன்னிக்கே புது மாதிரி வேணும். இந்தக் கிண்ணம் ஆகாது."

ஆனால் சம்ஹாவின் மடி காலியாகிவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடுத்த கறவை. வந்த விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்புவது அந்த வீட்டில் நடக்காத காரியம் என்பதால் டாக்டர் அஃப்ராவை உம்மு சைஃப் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கானிமும் பின்னால் போகத் திரும்பினான்.

"நீ எங்க போற?" என்றார் பக்கீத். "ஒட்டகத்துக்குப் பக்கத்துலதான நிக்கணும்னு விதி? நில்லு."

நின்றான். பகல் முழுக்க நின்றான். பக்கீத் எதிரில் பாய் போட்டு உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டுச் சோறும் மீனும் அவன் நின்ற இடத்துக்கே வந்தன. சம்ஹா அவன் தலைக்குட்டையின் ஒரு முனையைத் தின்றுவிட்டு, ருசி பிடிக்காமல் துப்பியது. வீட்டுப் பக்கம் அவன் கழுத்து ஒரு விரல்கடை திரும்பினால்கூட, பக்கீத் தொண்டையைக் கனைத்தார்.

அஸருக்குப் பிறகு பால் கறந்தார்கள். கானிமே பாட்டிலில் ஊற்றி, மூடியை முறுக்கி, முத்திரை ஒட்டினான். டாக்டர் அஃப்ரா கையெழுத்துப் போட்டுவிட்டுக் காருக்குப் போனார். பக்கீத் கானிமை நிறுத்தினார்.

"நீ என் பேரைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"நான் பக்கத்துல நின்னிருந்தா நீங்க உப்பு போட்டிருக்க முடியாதே."

பெரியவர் தாடியைத் தடவியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். வீட்டுக்குள்ளிருந்து உம்மு சைஃப் குரல் கொடுத்தாள். "அங்க என்ன யோசனை? மூணு மாசம் உப்பில்லாச் சோறு தின்னவ நான். முடிவு நான் சொல்லட்டுமா?"

"வேணாம், நானே சொல்றேன்!" பக்கீத் கானிமின் தின்னப்பட்ட தலைக்குட்டையை நேராக இழுத்துவிட்டார். "வியாழக்கிழமை எத்தனை பேரு வருவீங்க?"

"பதினஞ்சு பேரு."

"இருபதா வா. நல்ல தலைக்குட்டையா போட்டுக்கிட்டு வா. கல்ஃபானையும் கூப்பிடப்போறேன். நாலு 'இல்லை'க்கு என்ன அர்த்தம்னு எல்லாரு முன்னாடியும் நீதான் எடுத்துச் சொல்லணும்."

கல்ஃபானின் தாளிலும் அதே நான்கு 'இல்லை' இருக்கிறது என்று சொல்ல கானிம் வாயைத் திறந்தான். அப்போது அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. ஷம்மா அவனைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். கானிம் வாயை மூடிக்கொண்டான்.