விரிப்பின் மறுமுனை

விசாரணைக்கு வந்த இன்சூரன்ஸ்காரி உட்காருவதற்குள் வீட்டு மகன் பொரிந்து தள்ளினான்.

"நர்ஸ் அப்பாவைக் கீழ போட்டுட்டாங்க மேடம். இடுப்பெலும்பு போச்சு."

வீடுதேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுகளின் கைப்பிழைக்குக் காப்பீடு கொடுக்கும் கம்பெனி அது. ஒரே நிபந்தனை: படுத்த படுக்கையானவரை இரண்டு பேராகத்தான், அடியிலுள்ள விரிப்பின் இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்க வேண்டும். தனியாகத் தூக்கியிருந்தால் கம்பெனி கைவிரித்துவிடும். பழி முழுக்க நர்ஸ் தலையில் விடியும்.

அழுது வீங்கிய கண்ணோடு நர்ஸ் கதவோரம் நின்றாள்.

"தனியாத் தூக்கலை மேடம். எப்பவும் போல அந்தப் பக்கம் விரிப்பை அம்மாதான் பிடிச்சாங்க."

"எந்த அம்மா?"

"பக்கத்து ரூம்ல இருக்கறவங்க. பேசவே மாட்டாங்க. நான் விரிப்பைச் சுருட்டினா தானா வந்து நிப்பாங்க. அன்னைக்குக் கீழ ஏதோ வண்டி கிளம்புற சத்தம் கேட்டதும் சட்டுனு திரும்பிப் பாத்தாங்க. கை நழுவிடுச்சு."

மகன் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அது எங்கம்மா ரூம். அம்மா போய்ச் சேந்து வருஷமாச்சு. அன்னைக்குத்தான் அவங்க சாமானையெல்லாம் வண்டியில ஏத்தி அனுப்பினேன்."

இன்சூரன்ஸ்காரி பொய் கேட்டுக் கேட்டுப் பழுத்தவள். இதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. படுத்திருந்த பெரியவரிடம் குனிந்தாள். அவருக்குப் பேச்சு போய்விட்டது; ஆமாம் என்றால் கண்ணை மூடுவார்.

"ஐயா, உங்களைத் தூக்கினது ஒருத்தரா?"

கண் திறந்தபடியே இருந்தது.

"ரெண்டு பேரா?"

மெல்ல மூடித் திறந்தார். பிறகு அவர் பார்வை கட்டிலின் எதிர்ப்பக்கம் போய் நின்றது. அங்கே வெறும் சுவர்.

அவர் காலடியில் விரிப்பு கசங்கியிருந்தது. இன்சூரன்ஸ்காரி தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கத்திலிருந்தும் இழுபட்டது. சுருக்கமெல்லாம் நீங்கி, அந்தப் பக்கத்து நுனி மெத்தைக்கடியில் பதமாகச் செருகிக்கொண்டது, பெரியவருக்கு வலிக்காதபடி.



மறுநாள் ஆபீஸில் மேலாளர் கேட்டார்: "கூடப் பிடிச்ச ரெண்டாவது ஆள் யாரும்மா?"

"வீட்டம்மா சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"அவங்க கைவேலையைப் பாத்தேன்."

காப்பீடு கிடைத்தது. நர்ஸும் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனாள். இன்சூரன்ஸ்காரி மனசு கேட்காமல் போனில் விசாரித்தாள்: "பயமா இல்லையாம்மா?"

"தனியாத் தூக்கறதுதான் மேடம் பயம்," என்றாள் நர்ஸ்.