போணிக்கு முன் பத்து நிமிடம்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யானைக்கால் புழுவுக்கு அட்டைச் சோதனை வந்த புதிது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டால் போதும். முதல் கோடு எல்லோருக்கும் விழும். அந்தப் புழுவின் அடையாளம் ரத்தத்தில் இருந்தால், பத்து நிமிடத்தில் இரண்டாவது கோடும் விழும். நேரம் கடந்து பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் இரண்டு தெரியும். சுகாதார ஊழியரான எனக்கு இது நன்றாகவே தெரியும்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் கார்குழலி விரலை நீட்டினாள். ஆனால், "போணி ஆவறதுக்கு முன்னாடி நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்லாதக்கா" என்று கும்பிட்டாள். சரியென்று அட்டையை ஓரமாக வைத்தேன். முதல் மீன் விற்க அரைமணி ஆனது. பிறகு பார்த்தால் இரண்டு கோடு. யோசிக்காமல் அப்படியே எழுதி, அவளிடமும் சொல்லிவிட்டேன். மடத்தனம்.

பக்கத்துக் கூடைக்காரி ஆதிலட்சுமி காதில் அது விழுந்தது. மறுநாளே வரிசை முழுக்கப் பரவிவிட்டது. மூன்று நாளாகக் கார்குழலியின் மீனை யாரும் தொடவில்லை. இது கொசுவால் வருவது, மீனால் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்கே வராமல் நின்றுவிடப் போவதாக அவள் சொன்னாள்.

நாலாம் நாள் காலை, அவளுக்குப் போணி ஆவதற்கு முன்பே போய் நின்றேன்.

"இன்னொரு தபா குத்திப் பாத்துடலாம்."

"நீ குத்துனது போதும்க்கா. ஈ ஓட்டிகினு ஒக்காந்திருக்கேன்."

"அப்ப மொதல்ல என்னைக் குத்திக்கிறேன்."

அவள் எதிரிலேயே குத்திக்கொண்டேன். அப்புறம் வேண்டாவெறுப்பாக அவளும் விரலை நீட்டினாள். இரண்டு அட்டைகளையும் மீன் பலகையில் வைத்து, நடுவில் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். வரிசையே கூடிவிட்டது. சரியாகப் பத்தாவது நிமிடம், ஆதிலட்சுமியையே பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"கார்குழலிக்கு ஒண்ணுதான்" என்றாள். பிறகு இழுத்தாள். "உங்களுக்கு... ரெண்டு."

என் அட்டையைக் கையில் எடுத்தேன். ஒளித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அட்டையை உயர்த்திக் காட்டினேன்.

"ஆமாம், எனக்குத்தான். டாக்டரப் பாத்து மாத்திரை போட்டுக்கப் போறேன். இதுக்காக யாரு என்னைத் தள்ளி நிக்கப் போறீங்க?"

ஆதிலட்சுமி இரண்டடி பின்னால் போனாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

கார்குழலி மட்டும் நகரவில்லை. கூடையில் இருந்ததிலேயே பெரிய சங்கரா மீனாகப் பார்த்து எடுத்தாள்.

"கைய நீட்டுக்கா. இன்னிக்கு எனக்கு நீதான் போணி."