பட்டுப் பூப்பந்தல்

சீனத்தின் ரெஹே கோடை அரண்மனையில், பேரரசர் பகலில் இளைப்பாறும் கூடத்தின் உட்கூரைக்குப் பூப்பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அசல் பந்தல் இல்லை, பட்டில் தீட்டியது. மூங்கில் பந்தலையும் அதிலிருந்து தொங்கும் ஊதாப் பூங்கொத்துகளையும் தலைநகர ஓவியர்கள் துண்டு துண்டாக வரைந்து அனுப்பியிருந்தார்கள். ஒட்டு தெரியாமல் அதைக் கூரையில் ஒட்டுவது கோங் வெய்யின் வேலை. சுவரில் மீன்கொத்தி இறகு பதித்த தட்டிகள், தூணெல்லாம் பொன்ரேக்கு என்று மற்றவர்கள் என்னதான் இழைத்திருந்தாலும், படுத்திருக்கும் ராஜாவின் கண் போகிற இடம் கூரைதானே! அந்த நினைப்பில் கோங்குக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் அப்பா படுக்கையில் விழுந்தார். வீடு மதிலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். வேலை முடியும்வரை வேலையாட்கள் ராத்திரியும் அரண்மனைக்குள்ளேயே தங்க வேண்டும் என்றாலும், ஒரு பொழுது விடுப்புக் கேட்டால் மேற்பார்வைக்காரர் பாங் கொடுத்திருப்பார். ஆனால் போன இடத்தில் அப்பா கண்ணை மூடிவிட்டால்? துக்கக்காரன் நூறு நாள் அரண்மனைப் படியை மிதிக்கக் கூடாது. மிச்சக் கூரையை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் துக்கம், சாவுச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதான் கணக்கு. விழாவிட்டால் துக்கமும் இல்லை. இதை யோசித்துக் கண்டுபிடித்ததற்காக அந்த மனிதன் தன்னையே மெச்சிக்கொண்டான்.

அரண்மனை வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சியூயேயிடம் சொன்னான்.

"வேல முடியிற வரைக்கும் அப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசாத."

"நல்லதுகூடவா?"

"நல்லத மட்டும் சொல்லிக்கிட்டு வந்து, ஒருநாள் வாய மூடிக்கிட்டா எனக்குப் புரியாதா? ஒண்ணுமே சொல்லாத."

"ரொம்பத்தான் மூளை" என்று கஞ்சிச் சட்டியை நீட்டினாள்.

அதன்பிறகு தினமும் தினைக்கஞ்சியோடு ஊர் வம்புதான் வந்தது. "ராஜாவுக்குப் பந்தல் போடுறீங்க, நம்ம வீட்டு ஜன்னல் காகிதம் கிழிஞ்சு தொங்குது" என்பாள். சில நாள் வேறெதையோ சொல்ல வாயெடுப்பாள். அவன் கையைத் தூக்குவான். அவள் போய்விடுவாள். அப்பா போய்விட்டார் என்று கோங் மனதுக்குள் முடிவுகட்டி, சாரத்தில் படுத்தபடி அழுதுகொண்டே ஒட்டினான்.

கடைசித் துண்டும் ஏறியது. பாங் அண்ணாந்து பார்த்தார். "யோவ் கோங், எங்கய்யா ஒட்டு? தேடித் தேடிக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம்!"

வேலை முடிந்ததென்று காவலாளி மூலம் வீட்டுக்குச் சொல்லியனுப்பினான். அவன் வெளியே வந்தபோது சியூயே துக்கத்துக்கு உடுத்தும் வெள்ளைச் சணலாடையில் நின்றிருந்தாள். கோங் மண்டியிட்டான்.

"எப்போ?"

"முந்தாநாள் விடியக்காலைல."

"முந்தாநாளா? அப்ப இத்தன நாளும்…"

"இருந்தாரு. நடுவுல தேறி எழுந்து உக்காந்தாருகூட. உங்களப் பாக்கணும்னு தெனமும் கேட்டாரு. அதச் சொல்லத்தான் வந்தேன், நீங்க கையத் தூக்கிட்டீங்க."

"கத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"கத்தியிருக்கணும். வேல போயிருமேன்னு நானும் பாத்துட்டேன்."

"அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"விடுப்பே தரமாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். 'பாவம், எம்புள்ளைய இப்படி வாட்டுறாங்களே'ன்னு உங்களுக்காகத்தான் மாமா வருத்தப்பட்டாரு."