காம்பாரில் நான் சொன்ன வாக்கியம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் புனைந்த முதல் கதை ஒரே ஒரு வாக்கியம். போன வருஷம் காம்பாரில், ஒரு காலை நேரம், போலீஸ்காரர் ஒருவரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னேன். “நான் கழிவறைக்குப் போயிருந்தேன். மேசைமேல் இருந்த சாவியை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.”

அவர் அதை மலாய் மொழியில் எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல வாக்கியம் அது. கழிவறை இருக்கிறது, மேசை இருக்கிறது. [சின்னச் சின்னப் பொருளைச் சொன்னால் வாசகர் நம்புவார் என்று குமுதா டீச்சர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதெல்லாம் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.]

சாவி என் மோட்டார் சைக்கிளுடையது. எடுத்துக்கொண்டு போனதாக நான் சொன்னவர் ஸ்டானிஸ்லாஸ். என் நண்பர், எனக்கு டார்ட்ஸ் என்னும் அம்பெறி ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர். என்னைவிட ஏழு வயது இளையவர். செத்துப்போனார்.

முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தில் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர் மனைவி எல்ஸி என்னைக் கேட்டுக்கொண்டார். பேச வராது, எழுதி வாசிக்கிறேன் என்றேன். அதற்காக உட்கார்ந்தது இப்படி ஆகிப்போனது.

2

தொடக்கம் ஒன்று: “ஈப்போ புந்தோங் வட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை வேளையில்...” வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தொடக்கம் இரண்டு: “ஸ்டானிஸ்லாஸ் ஒரு மாமனிதர்.” இதுவும் வேண்டாம். ஆட்டத்தில் தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். ஒருமுறை செருப்பைக் கழற்றி டார்ட்ஸ் போர்டின் மேலேயே எறிந்தார்.

தொடக்கம் மூன்று. நாங்கள் இருவரும் ஒரே நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்து நாற்காலி செய்கிற இடம். என் அம்மா பால் வெட்டிய தோட்டத்து மரங்கூட அங்கே பலகையாக வந்திருக்கலாம். நான் பலகை தூக்குகிறவன், அவர் ஸ்டோரில். வேலை முடிந்ததும் புந்தோங்கில் ஒரு கோப்பிக் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். சுவரில் டார்ட்ஸ் போர்டு, பக்கத்தில் கரும்பலகை. அம்பைக் கையில் கொடுத்து எறியச் சொன்னார். பலகை தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள், காதுக்கு மேல் எழும்பவில்லை.

“கை போனா என்ன மச்சான், வாய் இருக்குல்ல? போர்டு பக்கத்துல நில்லு. புள்ளி எழுது.”

“எனக்குக் கணக்கு வராதுலா. ரெண்டாம் வகுப்போட சரி.”

“எனக்கு மட்டும் வருதா? அதனாலதான உன்ன நிக்க வைக்கறேன்.”

ஐந்நூற்று ஒன்றில் தொடங்க வேண்டும். மும்மூன்று அம்பாக எறிந்து, எடுத்த புள்ளியைக் கழித்துக்கொண்டே வந்து சுழியத்தில் நிற்க வேண்டும். கடைசி அம்பு விளிம்பில் இருக்கும் மெல்லிய வளையத்தில், டபுளில்தான், விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் மீதியை எழுதிச் சொல்கிறவன் நான். எண் கைக்கு வந்தது. எண் வந்த தைரியத்தில்தான் நாற்பத்தெட்டு வயதில் குமுதா டீச்சரின் மாலை வகுப்பில் போய் அ, ஆ எழுதினேன். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் ஸ்டானிஸ்லாஸ்தான்.

3

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. கண்ணுக்குள் ஏறிவிட்டது. ஆள் தெரியும், போர்டு ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும். அம்பு விழுந்த இடம் தெரியாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“எல்ஸிகிட்ட சொல்லு மச்சான்.”

“சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவா. அப்புறம் அவ்வளவுதான், போர்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ வாய மூடிக்கிட்டுத் தட்டு.”

தட்டுவது இதுதான்: அம்பு மேலே போனால் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு தட்டு. கீழே போனால் இரண்டு. பக்கத்தில் போனால் ஒரு கீறல். புள்ளி எழுதுகிறவன் ஆடுகிறவருக்கு இப்படி எதுவும் உணர்த்தக் கூடாது. உணர்த்தினேன். அந்த ஒரு வருஷத்தில் தைப்பிங்கில் ஜெயித்தார், தஞ்சோங் மாலிமில் ஜெயித்தார். மோட்டார் சைக்கிளை நான் ஓட்ட, அவர் பின்னால் கோப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் இடுப்பு வலி என்று சொல்லியிருந்தார், அதனால் அவர் ஓட்டாததை எல்ஸி கேட்கவில்லை.

[இங்கே ஒரு வரி எழுதி அடித்தேன். கோப்பையோடு அவரைப் படம் எடுக்கும்போது என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள், கரும்பலகையை மறைக்கிறேன் என்று. அடித்ததைத் திரும்ப எழுதியிருக்கிறேன், அது தேவைப்படுகிறது.]

4

காம்பார், அரையிறுதி. எதிர் ஆட்டக்காரர் கனகராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னண்ணே, தட்டிக்கிட்டே இருக்கீங்க? உருமி மேளத்துக்கு ஆள் எடுக்கறாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அகப்பட்டுக்கொண்டால் அவர் மானம் போய்விடுமே என்று பயந்து, தட்டுவதை நிறுத்தினேன். நண்பரைக் காப்பாற்றுவதற்காக...

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் “காப்பாற்றுவதற்காக” என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

கனகராஜ் கேலி செய்தது உண்மை. ஆனால் அது முதல் ஆட்டத்தின்போது, பிற்பகலில். அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

5

அரையிறுதி. ஸ்டானிஸ்லாசுக்கு மீதி நாற்பது. போர்டின் உச்சியில் இருக்கும் இருபதின் டபுள் விழுந்தால் முடிந்தது. முதல் அம்பு கம்பிக்கு வெளியே, ஒரு விரற்கடை மேலே விழுந்தது. ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டவில்லை.

நான் இல்லாமல் இவர் ஜெயிப்பாரா, பார்க்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பயம் இல்லை, நியாயம் இல்லை.

தட்டு வராததால் சரியாகத்தான் எறிகிறோம் என்று எண்ணியிருப்பார். இரண்டாவது அம்பும் அங்கேயே. மூன்றாவதும் அங்கேயே. மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அவ்வளவு சுத்தமான கை. “புள்ளி இல்லை” என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். அடுத்த முறை கனகராஜ் முடித்துவிட்டார்.

வெளியே மோட்டார் நிற்கும் இடத்துக்கு ஸ்டானிஸ்லாஸ் வந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“ஏன் தட்டல?”

“கை வலி.”

“பொய் சொல்லாதடா.”

“ஆமா, தட்டல. உன் கை பெருசுன்னு ஊரே சொல்லுது. தட்டாம ஜெயிக்க வேண்டியதுதானே?”

என் முகம் இருந்த பக்கமாகப் பார்த்தார். “சாவியக் குடு.”

சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இந்தா. கண்ணு தெரிஞ்சா போ.”

போனார்.

கனகராஜின் காரில் நான் பின்னால் வந்தேன். ஈப்போவுக்குத் திரும்பும் வழியில், கோப்பெங் வருவதற்கு முன்பே, ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு மணல் லாரியின் பின்னால் என் மோட்டார் கிடந்தது.

6

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் எல்ஸி இருக்கிறார்.

அடக்கத்துக்கு மறுநாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார். “நான்தாண்ணே போன் பண்ணேன். விவியனுக்குக் காய்ச்சல் கொதிக்குது, சீக்கிரம் வாங்கன்னு சொன்னேன். அதான் உங்களக் கூட விட்டுட்டு ஓடி வந்திருக்காரு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.”

அந்த அழைப்பு வந்தது பிற்பகல் நான்கு மணிக்கு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். “சரி சரி, மருந்து குடு” என்று வைத்துவிட்டு மூன்று மணி நேரம் ஆடினார். மகளின் காய்ச்சலை மறந்தே போனார். சாகும்போது அவர் அவசரமாகப் போகவில்லை. என்மேல் கோபமாகப் போனார். இதைச் சொன்னால் எல்ஸியின் பாரம் இறங்கும். கூடவே புருஷன் மகளை மறந்த கதையும் தெரிந்துபோகும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருக்கிறேன்.

எல்ஸி இப்போது யாருக்கும் போன் செய்வதில்லை. விவியன் பள்ளியிலிருந்து வரத் தாமதமானால் வாசலில் போய் நிற்கிறார், அவ்வளவுதான். “சீக்கிரம்” என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு ஒரு வருஷம் ஆகிறது.

ஜெபத்தில் இரண்டாம் பகுதியை மட்டும் வாசித்தேன், செருப்பு எறிந்த வரியை எடுத்துவிட்டு. எல்லோரும் அழுதார்கள். எல்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா எழுதுறீங்கண்ணே” என்றார்.

முழுவதையும் குமுதா டீச்சரிடம் கொடுத்தேன். எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொல்லி. ஐந்தாம் பகுதி வரை சிவப்பு மையில் திருத்தியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு கோடும் இல்லை.

“இத எல்ஸி அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப எனக்கு எதுக்குக் காட்டுனீங்க? இனி அக்கா மொகத்துல நான் எப்படி முழிக்கறது?”

“கதையா மட்டும் பாருங்களேன்.”

“கதையா பாக்கறதுக்கு நீங்க பேரையாவது மாத்தியிருக்கணும்.”

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெயரை மாற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கம் தாண்டவில்லை.

முடிவு அ: எல்ஸியிடம் சொல்கிறேன். அவர், “எனக்கு அப்பவே தெரியும்ணே” என்கிறார்.

[அடித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது.]

முடிவு ஆ: சொல்கிறேன். என்னை அறைகிறார். மனம் லேசாகிறது.

[யார் மனம்? இதையும் அடித்துவிட்டேன்.]

7

ஒன்றை மறைத்துவிட்டேன். எல்ஸி கான்வென்டில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. கோயில் பாட்டுப் புத்தகத்தில்கூடத் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறார். நான் இதைத் தமிழில் எழுதி அச்சுக்கு அனுப்புகிறேன் என்றால், அவரைத் தவிர எல்லோரிடமும் சொல்கிறேன் என்று அர்த்தம். இவ்வளவு காலம் கழித்து எழுத்துப் படித்து நான் செய்த காரியம் இது.

நீங்கள் வாசிக்கத் தெரிந்தவர். புந்தோங் சந்தைக்கு எதிரில், பச்சைக் குடைக்குக் கீழே எல்ஸி இடியப்பம் விற்கிறார். காலை ஒன்பதரைக்கு மேல் கூட்டம் இருக்காது. ஞாயிறு கடை இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாம் பகுதியிலிருந்து வாசியுங்கள். நிறுத்தாமல் வாசியுங்கள். எழுதியது யார் என்று கேட்டால், சதாசிவம் என்று சொல்லுங்கள்.

நான் தினமும் எட்டு மணிக்கு அங்கே போகிறேன். இலையை விரித்து, தேங்காயும் சர்க்கரையும் வைத்து, என்னைப் பார்த்து, “இன்னும் ஒண்ணு வைக்கட்டாண்ணே?” என்கிறார். வைக்கச் சொல்கிறேன். நாளைக்கும் போவேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது எனக்குத் தெரிந்துவிடும், நீங்கள் வந்தீர்களா இல்லையா என்று.