புன்னக்கடவின் சன்னல்

எங்கள் பையன்னூர் வாசகசாலையில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு பழைய படத்தை விசாரணைக்கு உட்படுத்துவோம். ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய படமாக அது இருத்தல் வேண்டும்; குறைந்தது முப்பது வயதாவது ஆகியிருத்தல் வேண்டும். படம் முடிந்ததும் பாலில்லாத கட்டன் சாயா, பருப்புவடை, விவாதம். இறுதியில், ‘இன்றும் நிற்கிறதா?’ என்று கேட்டுக் கை தூக்கச் சொல்வோம். அதுவரை பதினோரு படங்களை விசாரித்திருந்தோம்; ஒன்பது விழுந்துவிட்டன. வீழ்த்தியதில் என் பங்கு பெரிது. கதாநாயகனின் வசனத்தில் ஒரு வேற்றுமை உருபு பிழைபட்டது என்பதற்காகவே ஒரு படத்தைச் சாய்த்தவன் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் மலையாள இலக்கணம் கற்பித்தவனைத் தலைவனாக அமர்த்தினால் வேறென்ன நடக்கும்?

பன்னிரண்டாம் படத்தை நானே முன்மொழிந்தேன். ‘புன்னக்கடவு’, 1983ஆம் ஆண்டு வெளிவந்தது. என் நோக்கம் பொதுநலம் அன்று. வாசகசாலையின் பொன்விழா மலர் அச்சுக்குப் போகவிருந்தது. நான் இருபத்தொன்பதாம் வயதில் எழுதி, மாவட்ட அளவில் முதற்பரிசு பெற்ற ‘புன்னக்கடவும் சாத்தப்பட்ட சன்னலும்’ என்னும் கட்டுரை அம்மலரின் முதற்பக்கத்தில் மறுபடியும் வரவேண்டும் என்று நான் பெரிதும் ஆசைப்பட்டேன். என் எழுத்தில் அச்சேறியது அது ஒன்றே. செயலாளர் ஷிஜினா என் பழைய மாணவி; ஊராரைப் போலவே அவளுக்கும் நான் பொதுவாள் மாஷ், அதாவது வாத்தியார். அவள் தயங்கினாள்.

“மாஷே, நாங்க யாரும் அந்தப் படத்தைப் பாத்ததில்ல. படம் இன்னிக்கு நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் கட்டுரையைப் போடலாமே.”

“நிக்கறதா? அது நிக்கும், நடக்கும், வேணும்னா ஓடவும் செய்யும். நீ முதல் பக்கத்தைக் காலியா வச்சிரு.”

“திங்கக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கணும் மாஷே.”

“ஞாயித்துக்கிழமை தீர்ப்பு வந்துடும்.”

கட்டுரையின் சாரம் இது. கதையின் உச்சத்தில், ஆற்றுக் கடவோரத்து வீட்டை விட்டுப் புறப்படும் நாயகியிடம் நாயகன், “சுமதீ, நீ போனால் இந்த வீட்டில் காற்றுகூட இருக்காது” என்கிறான். அடுத்த நொடியே ‘படார்’ என்று ஒரு சன்னல் சாத்திக்கொள்கிறது. அதன்பின் நெடுநேரம் மழையின் ஓசை மட்டுமே. அந்தச் சன்னலைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருந்தேன். ‘வேறொரு படமாயிருப்பின் இவ்விடத்தில் நாயகன் கையை ஓங்கியிருப்பான், இந்த மேதையோ ஒரு சன்னலைச் சாத்துகிறார்’ என்னும் வாக்கியத்தை நடுவர்கள் அடிக்கோடிட்டுப் பாராட்டியிருந்தனர்.

ஞாயிறு காலை என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி நளினாட்சி சொன்னாள்.

“இன்னிக்கு நீங்க ஒண்ணும் பேசாம படத்தை மட்டும் போட்டா என்ன?”

“ஏன்?”

“சும்மா. தொண்டை கட்டியிருக்கே.”

என் தொண்டையின்பால் அவள் கொண்ட அக்கறையை மெச்சியவாறே போய் இருபது நிமிடம் பேசினேன். நாற்பது பேர் வந்திருந்தனர். வழக்கமாக வராத நளினாட்சியும் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். “அனைவரும் சன்னலைக் கவனியுங்கள்” என்று சொல்லி முடித்து, விளக்கை நானே அணைத்தேன்.

படம் முதலில் நன்றாகவே போயிற்று. ஆறு அழகாக இருந்தது. பாட்டுகள் அதனினும் அழகு. ஒன்றரை மணி நேரம் கழித்து அக்காட்சி வந்தது. சுமதி பெட்டியோடு வாசலில் நின்றாள். நாயகன் வந்தான். “சுமதீ, நீ போனால் இந்த வீட்டில் காற்றுகூட இருக்காது” என்றான். நான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து சன்னலைத் தேடினேன். அந்தச் சுவரில் ஒரு நாட்காட்டி மட்டுமே தொங்கியது.

‘படார்.’

அவன் அவளை அறைந்தான்.

அவள் கதவோரம் சரிந்து விழுந்தாள். மழை பெய்தது. ஏறக்குறைய ஒரு நிமிடம் அவள் முகம் மட்டும் திரையை நிறைத்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இருட்டில் யாரோ கேட்டார்கள்: “மாஷே, சன்னல் சாத்தியாச்சா?”

விளக்கு எரிந்தபோது நாற்பது பேரும் என்னையே பார்த்தனர். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் பொய் சொல்லிப் பார்ப்பது என் மாணவர்களிடம் நான் கண்டித்த வழக்கம். அதையே செய்தேன்.

“இது வேற பிரதி. இணையத்துல கிடைக்கறதெல்லாம் வெட்டி ஒட்டினது. மூலப் பிரதியில சன்னல் இருந்தது.”

கடைசி வரிசையில் கோரேட்டன் எழுந்தார். எங்களூர்க் கொட்டகையில் இருபத்தைந்து ஆண்டுகள் படம் ஓட்டியவர்.

“மாஷே, இந்தப் படத்தை இருபத்தெட்டு நாள், தினம் மூணு காட்சி ஓட்டினவன் நான். ஒரு சன்னல் இருந்திருந்தா என் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? அது கெடக்கட்டும், நீங்க எங்க பாத்தீங்க?”

“மலையோரப் பள்ளியில வேலை பாத்தப்ப.”

“அங்க அப்போ பஸ்ஸே கெடையாது. தியேட்டர் எங்கேருந்து வந்தது?”

அந்தக் கொட்டகையை நினைவில் தேடினேன். வந்தது வேறொன்று: ஆசிரியர் குடியிருப்பின் மரமேசை, அதன்மேல் ஒரு வானொலிப் பெட்டி. ஞாயிறு மதியங்களில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். படத்தின் வசனங்களையும் பாட்டுகளையும் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கி ஒலிபரப்புவார்கள். ‘புன்னக்கடவு’ இரண்டாண்டுகளில் நான்கு முறை வந்தது. நான்கு முறையும் கேட்டேன். ஜீப்பிலிருந்து வீசிப்போன நோட்டீசில் பாதிக் கதை இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து என் மனத்துக்குள் ஒரு கொட்டகை கட்டி, அதில் எனக்கு ஓர் இருக்கையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பின்வரிசையிலிருந்து பீடிப்புகை வந்ததுகூட எனக்கு நினைவிருந்தது. அது பக்கத்து அறைக் கணித ஆசிரியரின் பீடி.

“நான் இந்தப் படத்தைப் பாத்ததில்ல. ரேடியோவில கேட்டிருக்கேன்” என்றேன்.

முதலில் சிரித்தவர் கோரேட்டன்தாம். பிறகு வாசகசாலையே சிரித்தது. ஷிஜினா மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள். சிரிக்காதவர்கள் இருவர்: நானும் நளினாட்சியும்.

“சேச்சி, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?” என்று ஷிஜினா அவளைக் கேட்டாள்.

“நான் தியேட்டர்ல பாத்தவளாச்சே. கல்யாணமான வாரமே கட்டுரையை எடுத்துக் கையில கொடுத்தாரு. பரிசு வாங்கினது, சான்றிதழ் வேற சட்டம் போட்டுச் சுவர்ல தொங்கிச்சு. வந்து ஆறு நாளான புதுப்பொண்ணு, ‘ஏங்க, அது சன்னல் இல்ல, அறை’ன்னு எப்படிச் சொல்றது?”

“அறைன்னா சன்னல் இருக்கத்தானே செய்யும்? மாஷ் சொன்னது பாதி சரி” என்றார் கோரேட்டன். மறுபடியும் சிரிப்பு.

நளினாட்சி அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

“இப்ப எல்லாரும் படம் விழுந்துடுச்சுன்னு சுலபமா சொல்லிடுவீங்க. அன்னிக்கு அந்த அறை விழுந்தப்ப தியேட்டரே கைதட்டினது. கோரேட்டா, நினைவிருக்கா?”

“விசிலும் அடிச்சாங்க” என்றார் அவர், குரல் தாழ்த்தி.

“நானும் தட்டினேன். பத்தொன்பது வயசு எனக்கு. அவ வீட்டை விட்டுப் போகாம இருக்கணுமேன்னு தட்டினேன். அவ மொகத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. அடிபட்ட அவளுக்கு வசனம் இல்லை. வசனம் இல்லாதவள் வானொலியில் இல்லை. அவள் இருந்த இடத்தில்தான் நான் என் சன்னலை வைத்து, ஏழு பக்கம் எழுதிப் பரிசும் வாங்கிக்கொண்டேன். படத்தைக் கண்ணால் பார்த்தவர்களோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, அவளைப் பாராதவர் பட்டியலில் நான் தனியன் அல்லன் என்பது ஆறுதலாகத் தோன்றியது. அந்த ஆறுதலுக்காக உடனே வெட்கமும் பட்டேன்.

‘இன்றும் நிற்கிறதா?’ என்று ஷிஜினா கேட்டாள். பாட்டுகளுக்காகக் கோரேட்டன் மட்டும் முழங்கை அளவுக்குப் பாதிக் கை உயர்த்தினார். வேறு கை எழவில்லை.

“கட்டுரையை எடுத்துடு. முதல் பக்கத்துல வாசகசாலையோட படத்தைப் போட்டுக்கோ” என்றேன்.

“எடுக்கறதா? மாஷே, மலர்லேயே உருப்படியான ஒண்ணு இப்பத்தான் கிடைச்சிருக்கு. ஓர் எழுத்தும் மாத்தாம போடறோம். முதல் பக்கத்துல இல்ல.”

“வேண்டாம், ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டுமே” என்றாள் நளினாட்சி. “மேல ஒரு வரி மட்டும் உண்மையை எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். மலர் வெளிவந்தபோது, தொண்ணூற்று நான்காம் பக்கத்தில், நகைச்சுவைப் பகுதியில், ‘இக்கட்டுரையாளர் இப்படத்தைக் கண்டவர் அல்லர்’ என்னும் குறிப்புடன் என் ஏழு பக்கங்களும் இருந்தன. மறுவாரம் காஞ்ஞங்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“பொதுவாள் மாஷே, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஹாஸ்யம் இருக்குன்னு இத்தனை வருஷமா தெரியாம போச்சே! வரிக்கு வரி சிரிச்சேன். பாக்காதவன் மாதிரியே எழுதறதுன்னா சும்மாவா? எப்படித்தான் எழுதினீங்க?”

எதிரே நளினாட்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்; தலை நிமிரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

“ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதினது” என்றேன்.

அது உண்மை. நான்கு முறை திருத்தி எழுதினேன்.